சர்வர் டிஸ்க் நிறைந்துவிட்டதா? அழிப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

டிஸ்க் நிறைந்த லினக்ஸ் சர்வர் அதை நேரடியாகச் சொல்வது அபூர்வம். வெப்சைட் திடீரென 500 எரர் காட்டும், பாஸ்வேர்டு சரியாகப் போட்டாலும் லாகின் பக்கமே திரும்பத் திரும்ப வரும், படம் அப்லோட் ஆகாது, மெயில் வருவது நின்றிருக்கும், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருப்பது போலவே தெரியும் ஆனால் எதையாவது எழுதச் சொன்னால் பதில் தராமல் தொங்கும். எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே போய் டேப் கீயைத் தட்டினால் டெம்ப் ஃபைல் உருவாக்க முடியவில்லை என்று பாஷ் புலம்பும். இவற்றில் இரண்டு மூன்று ஒன்றாக வந்தால் ப்ளகினையும் கோடையும் நோண்டுவதை நிறுத்திவிட்டு முதலில் டிஸ்க்கைப் பாருங்கள்.

பார்த்ததும் பெரும்பாலானோர் செய்வது, /வார்/லாக் ஃபோல்டருக்குள் போய் ஆர்எம் அடிப்பது. அழிப்பது சில நொடி வேலைதான். ஆனால் எது வளர்ந்தது, ஏன் வளர்ந்தது என்று தெரியாமல் அழித்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: அழித்தும் இடம் திரும்பக் கிடைக்காது, அல்லது கிடைத்த இடம் சில நாளில் மறுபடி நிறைந்துவிடும். அதனால் இந்தக் குறிப்பில் அழிப்பதைவிட அளப்பதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். கமாண்டுகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களில் மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

எது நிறைந்திருக்கிறது?

முதல் கமாண்ட் "டிஎஃப் -ஹெச்". ஒவ்வொரு பார்ட்டிஷனும் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று காட்டும். உபுண்டு சர்வரில் லூப் என்று தொடங்கும் வரிகள் 100 சதவீதம் காட்டினால் பயப்பட வேண்டாம், அவை ஸ்னாப் பேக்கேஜ்கள், எப்போதுமே அப்படித்தான் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது ரூட் பார்ட்டிஷன், அப்புறம் /வார், /ஹோம், /பூட், /டெம்ப் இவை தனித்தனி பார்ட்டிஷனாக இருந்தால் அவையும். /பூட் மட்டும் நிறைந்திருந்தால் அது வெப்சைட் பிரச்சினையே இல்லை, பழைய கெர்னல்கள் (லினக்ஸின் மையப் பகுதி) சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம்.

இங்கேயே ஒரு குழப்பம் வரும். மொத்த அளவிலிருந்து பயன்படுத்திய அளவைக் கழித்தால் கொஞ்சம் மீதம் வர வேண்டும், ஆனால் டிஎஃப் மீதம் பூஜ்யம் என்கிறது. கணக்கு தப்பில்லை. எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் இயல்பாகவே 5 சதவீத இடத்தை ரூட் யூசருக்கென்று ஒதுக்கி வைக்கிறது. ரூட்டாக ஓடும் வேலைகள் சரியாக நடப்பதும், வேறு யூசராக ஓடும் பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் மட்டும் எழுத முடியாமல் தவிப்பதும் இதனால்தான். நூற்றுக்கணக்கான ஜிபி உள்ள டேட்டா பார்ட்டிஷனில் 5 சதவீதம் வீண், "ட்யூன்2எஃப்எஸ் -எம் 1" கொடுத்து ஒரு சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம், சர்வரை நிறுத்தவும் வேண்டாம். சிறிய ரூட் பார்ட்டிஷனில் மட்டும் அதைத் தொடாமல் விடுவதே நல்லது, டிஸ்க் நிறைந்த நிலையிலும் உள்ளே போய் வேலை பார்க்க உங்களுக்கு வழிவிடுவது அந்த ஒதுக்கீடுதான்.

டிஎஃப் 60 சதவீதம்தான் காட்டுகிறது, ஆனாலும் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்ற எரர் வருகிறதா? அடுத்து "டிஎஃப் -ஐ" அடியுங்கள். இது இடத்தை அல்ல, ஐநோட் எண்ணிக்கையைக் காட்டும். ஐநோட் என்பது ஒரு ஃபைலின் விவரங்களை ஃபைல் சிஸ்டம் எழுதி வைக்கும் பதிவு, ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டும். எக்ஸ்ட்4 உருவாக்கப்படும்போதே எத்தனை ஐநோட் என்பது முடிவாகிவிடும், வழக்கமான கணக்கு 16 கேபிக்கு ஒன்று. ஒரு கேபி அளவில் லட்சக்கணக்கான குட்டி ஃபைல்கள் சேர்ந்தால் இடம் காலியாக இருக்கும்போதே ஐநோட் தீர்ந்துபோகும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் தேவைக்கேற்ப ஐநோட்களை உருவாக்கிக்கொள்வதால் அங்கே இது அரிது.

அதுவும் சரியாக இருந்தால் மூன்றாவது ஒரு சாத்தியம் உண்டு, பலரைச் சுற்ற விடுவது இதுதான். ஃபைல்களில் மாற்றம் வருகிறதா என்று கவனிக்கும் ஐநோட்டிஃபை வசதிக்கு ஒரு யூசர் இத்தனை வாட்ச்தான் வைக்கலாம் என்று வரம்பு உண்டு. அந்த வரம்பு தீர்ந்தாலும் கெர்னல் கொடுப்பது அதே எரர்தான், டிஸ்க்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும். டெயில் -எஃப் அடிக்கும்போதோ நோட்.ஜெஎஸ் அப்ளிகேஷன் தொடங்கும்போதோ மட்டும் எரர் வருகிறது, மற்றபடி சர்வர் நன்றாக இருக்கிறது என்றால் எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_வாட்சஸ் என்ற சிஸ்சிடிஎல் (கெர்னல் அமைப்பு) மதிப்பை உயர்த்திப் பாருங்கள்.

எரர் "டிஸ்க் கோட்டா எக்ஸீடட்" என்று இருந்தால் அது வேறு கதை. சர்வரில் இடம் இருக்கிறது, அந்த ஒரு யூசரின் ஒதுக்கீடுதான் தீர்ந்திருக்கிறது. "ரெப்கோட்டா -ஏ" அடித்தால் யார் யார் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

மூச்சுவிடக் கொஞ்சம் இடம்

சர்வர் 100 சதவீதத்தில் நிற்கும்போது நிதானமாக ஆராய முடியாது, தளம் கீழே கிடக்கிறது, போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் எந்த ஆபத்தும் இல்லாமல் சில நூறு எம்பி விடுவித்துக்கொள்ளுங்கள். டெபியன், உபுண்டுவில் "ஆப்ட் க்ளீன்", ஆல்மாலினக்ஸ், ராக்கி போன்றவற்றில் "டிஎன்எஃப் க்ளீன் ஆல்". இரண்டுமே பேக்கேஜ்களுக்காக இறக்கி வைத்தவற்றைத்தான் அழிக்கும், தேவைப்பட்டால் மறுபடி இறக்கிக்கொள்ளும். அடுத்து சிஸ்டம் லாகான ஜர்னலைச் சுருக்க "ஜர்னல்சிடிஎல் --ரொட்டேட்", அப்புறம் "ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்" (அந்த எம் பெரிய எழுத்து). முதலில் ரொட்டேட் செய்வதற்குக் காரணம், வேக்யூம் பழைய ஜர்னல் ஃபைல்களை மட்டுமே தொடும், இப்போது எழுதப்பட்டுக்கொண்டிருப்பதைத் தொடாது.

இந்த நேரத்தில் செய்யக் கூடாதவையும் உண்டு. இடம் இல்லாத டிஸ்க்கில் எந்த கான்ஃபிக் ஃபைலையும் எடிட் செய்து சேவ் செய்யாதீர்கள், சில எடிட்டர்கள் பழைய ஃபைலைக் காலி செய்துவிட்டுப் புதிதை எழுதப் போகும், எழுத இடமில்லாமல் பூஜ்யம் பைட் ஃபைல் மட்டும் மிஞ்சும். பெரிய லாகை ஜிஜிப் செய்து இடம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், சுருக்கிய ஃபைல் முழுதாக எழுதி முடியும்வரை பழையதும் இருக்கும், அதற்கே இடம் வேண்டும். மைஎஸ்க்யூஎல்லை அவசரப்பட்டு கில் செய்யவும் வேண்டாம். டிஸ்க் நிறைந்தால் அது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் வந்துவிட்டதா என்று தானே பார்த்துக்கொண்டு காத்திருக்கும், இடம் கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

யார் சாப்பிட்டது?

"டியு -எக்ஸ்ஹெச் --மேக்ஸ்-டெப்த்=1 / | சார்ட் -ஹெச்" என்று அடியுங்கள். ரூட்டுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு ஃபோல்டரின் அளவும் சிறியது முதல் பெரியது வரை வரும். எக்ஸ் ஆப்ஷன் முக்கியம், அது இல்லாவிட்டால் டியு வேறு பார்ட்டிஷன்கள், பேக்கப் மவுண்ட் எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்து கணக்கைக் கெடுக்கும். கடைசி வரிக்கு மேலே பெரிதாக எது நிற்கிறதோ அதற்குள் போய் அதே கமாண்டை மறுபடி அடியுங்கள், இரண்டு மூன்று படி இறங்குவதற்குள் ஆள் சிக்கிவிடும். பட்டியல் மிக நீளமாகி சார்ட்டே இடமில்லை என்று நின்றால் "-டி /டெவ்/எஸ்ஹெச்எம்" சேர்த்துக்கொள்ளுங்கள் (டி என்பது பெரிய எழுத்து T), தற்காலிக ஃபைலை மெமரியில் வைத்துக்கொள்ளும்.

என்சிடியு ஏற்கெனவே இன்ஸ்டால் ஆகியிருந்தால் இன்னும் வசதி, "என்சிடியு -எக்ஸ் /" கொடுத்துவிட்டு அம்புக்குறி கீகளால் உள்ளே போய்ப் போய்ப் பார்க்கலாம். சர்வர் கட்டும்போதே போட்டு வைக்க வேண்டிய கருவி அது. டிஸ்க் நிறைந்த அன்று இன்ஸ்டால் செய்யப் போனால் அதற்கும் இடம் இருக்காது.

ஒற்றைப் பெரிய ஃபைல்தான் சந்தேகம் என்றால் "ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் -டைப் எஃப் -சைஸ் +500எம்" (பெரிய எழுத்து எம்) என்று தேடுங்கள். ஐநோட் பிரச்சினை என்றால் டியுவோடு "--ஐநோட்ஸ்" ஆப்ஷனைச் சேருங்கள், ஃபோல்டரின் அளவுக்குப் பதில் அதிலுள்ள ஃபைல் எண்ணிக்கை வரும். பரபரப்பான சர்வரில் டியு ஓடும்போது டிஸ்க் திணறும், முன்னால் "ஐஓநைஸ் -சி3" போட்டுக்கொண்டால் மற்ற வேலைகளுக்கு வழிவிட்டு ஓடும்.

டிஎஃப் ஒன்று சொல்கிறது, டியு வேறொன்று சொல்கிறது

டிஎஃப் 80 ஜிபி பயன்பாட்டில் என்கிறது, டியு எல்லாவற்றையும் கூட்டினால் 35 ஜிபிதான் வருகிறது. மீதி எங்கே? லினக்ஸில் ஒரு ஃபைலை ஆர்எம் செய்தால் ஃபோல்டரிலிருந்து அதன் பெயர்தான் உடனே போகும். ஏதாவது ப்ராசஸ் அதைத் திறந்து வைத்திருந்தால் அந்த ப்ராசஸ் மூடும்வரை டேட்டா டிஸ்க்கிலேயே இருக்கும். பெயர் இல்லாததால் டியு கண்ணில் படாது, இடத்தை விடாததால் டிஎஃப் கணக்கில் இருக்கும். 40 ஜிபி அக்சஸ் லாகை ஆர்எம் செய்துவிட்டு, "அழித்தேன், இடம் வரவில்லை" என்று முழிப்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். அப்பாச்சி அந்த ஃபைலை இன்னும் பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருக்கிறது, இனி அது எவ்வளவு வளர்ந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

"எல்எஸ்ஓஎஃப் +எல்1" (பெரிய எழுத்து எல்) அடித்தால் இப்படிப் பெயர் போயும் உயிரோடிருக்கும் ஃபைல்களையும், எந்த ப்ராசஸ் அவற்றை வைத்திருக்கிறது என்பதையும் காட்டும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால், அல்லது லாகை மறுபடி திறக்கச் சொன்னால், இடம் உடனே திரும்பிவிடும். என்ஜின்எக்ஸுக்கு "என்ஜின்எக்ஸ் -எஸ் ரீஓப்பன்" போதும், அப்பாச்சிக்கு ஒரு க்ரேஸ்ஃபுல் ரீலோட். ரீஸ்டார்ட் செய்யவே முடியாத ப்ராசஸ் என்றால் எல்எஸ்ஓஎஃப் காட்டும் பிஐடி (ப்ராசஸ் எண்), எஃப்டி (திறந்த ஃபைலின் எண்) எண்களைக் குறித்துக்கொண்டு /ப்ராக்/பிஐடி/எஃப்டி/எண் என்ற பாதையை ட்ரன்கேட் செய்யலாம். அது லாக் ஃபைல்தான் என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் செய்யுங்கள். டேட்டாபேஸ்கள் சில தற்காலிக ஃபைல்களை வேண்டுமென்றே இப்படிப் பெயர் இல்லாமல் வைத்திருக்கும், அதில் கை வைத்தால் வேறு பிரச்சினை கிளம்பும்.

இதிலிருந்து வரும் நடைமுறை ஒன்றுதான்: ஓடிக்கொண்டிருக்கும் லாகை ஆர்எம் செய்யாதீர்கள், "ட்ரன்கேட் -எஸ் 0 ஃபைல்பெயர்" கொடுங்கள். ஃபைல் அப்படியே இருக்கும், உள்ளடக்கம் மட்டும் காலியாகும். அதற்கு முன்னால் கடைசி சில ஆயிரம் வரிகளை டெயில் மூலம் வேறிடத்தில் எடுத்து வையுங்கள், லாக் ஏன் வீங்கியது என்பதற்கான சாட்சி அங்கேதான் இருக்கிறது. ட்ரன்கேட் செய்தபின்னும் எல்எஸ் பழைய பெரிய அளவையே காட்டினால் குழம்ப வேண்டாம். அந்த ப்ரோக்ராம் அப்பெண்ட் முறையில் திறக்காமல் பழைய இடத்திலிருந்தே எழுதுகிறது, நடுவில் வெற்றிடம், டியுவில் பார்த்தால் உண்மையான சிறிய அளவு தெரியும்.

எல்எஸ்ஓஎஃப் ஒன்றும் காட்டவில்லை, கணக்கு இன்னும் உதைக்கிறது என்றால் மவுண்ட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஃபைல்கள். உதாரணமாக /பேக்கப் ஃபோல்டரில் வேறு டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்க வேண்டும், ஒருநாள் ரீபூட்டுக்குப் பிறகு மவுண்ட் ஆகாமல் போனது, அன்றைய பேக்கப் முழுவதும் ரூட் பார்ட்டிஷனில் விழுந்தது, பிறகு யாரோ மவுண்ட் செய்தார்கள், பழையது அடியில் மறைந்துவிட்டது. "மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி" கொடுத்து /எம்என்டிக்குள் டியு அடித்தால் அடியில் இருப்பது வெளியே தெரியும். பார்த்து முடித்ததும் அன்மவுண்ட் செய்துவிடுங்கள்.

ஹோஸ்டிங் சர்வரில் வழக்கமான ஆட்கள்

முதல் ஆள் வெப் லாக்தான். டெபியன் வகையில் /வார்/லாக்/அப்பாச்சி2, ரெட்ஹேட் வகையில் /வார்/லாக்/ஹெச்டிடிபிடி, என்ஜின்எக்ஸுக்கு இரண்டிலுமே /வார்/லாக்/என்ஜின்எக்ஸ். இவற்றை லாக்ரொட்டேட் தானாகச் சுழற்றிச் சுருக்கி வைக்கும், அதனால் இங்கே பெரிய பிரச்சினை வருவது குறைவு. பிரச்சினை, ஒவ்வொரு தளத்துக்கும் தனி லாக் வேண்டும் என்று /ஹோம்/யூசர்/லாக்ஸ் போன்ற இடத்தில் வைக்கும்போது வருகிறது. லாக்ரொட்டேட்டுக்கு அந்த ஃபோல்டர் இருப்பதே தெரியாது, யாரும் சொல்லவில்லை, ஃபைல் வருடக்கணக்கில் வளர்கிறது. /எட்க்/லாக்ரொட்டேட்.டி ஃபோல்டரில் அதற்கென ஒரு ஃபைல் எழுதி, "லாக்ரொட்டேட் -டி" மூலம் ஒத்திகை பாருங்கள், எதையும் மாற்றாமல் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். இன்செக்யூர் பர்மிஷன்ஸ் என்று சொல்லி அந்த ஃபோல்டரைத் தாண்டிப்போனால் எஸ்யு என்ற வரியைச் சேர்த்து எந்த யூசராகச் சுழற்ற வேண்டும் என்று குறிப்பிட வேண்டும். பாதையில் வெறும் நட்சத்திரக் குறி போடாதீர்கள், ஏற்கெனவே சுழற்றிய ஃபைல்களையும் மறுபடி சுழற்றி .1.1.1 என்று வால் வைத்துக்கொண்டே போகும், *.லாக் என்று முடியுங்கள்.

சுழற்சி சரியாக இருந்தும் ஒரே நாளில் லாக் பல ஜிபி ஆகிறதென்றால் லாகைத் திறந்து படியுங்கள். எக்ஸ்எம்எல்ஆர்பிசி.பிஎச்பி, டபிள்யூபி-லாகின்.பிஎச்பி இரண்டையும் பாட்கள் நொடிக்குப் பலமுறை தட்டிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம். அல்லது பிஎச்பி வெர்ஷனை உயர்த்திய பிறகு ஏதோ பழைய ப்ளகின் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் நாற்பது டெப்ரிகேட்டட் எச்சரிக்கை எழுதிக்கொண்டிருக்கும். வேர்ட்பிரஸில் டபிள்யூபி_டீபக், டபிள்யூபி_டீபக்_லாக் இரண்டையும் ஆன் செய்துவிட்டு மறந்திருந்தால் டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரில் டீபக்.லாக் வீங்கியிருக்கும். அது வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய இடத்திலும் இருக்கிறது, இடப் பிரச்சினை இல்லாவிட்டாலும் அணைத்துவிடுங்கள். /வார்/லாக்/பிடிஎம்ப் பெரிதாக இருந்தால் எஸ்எஸ்ஹெச் பாஸ்வேர்டை யாரோ ஓயாமல் முயன்றுகொண்டிருக்கிறார்கள், காலி செய்வது மட்டும் போதாது, இப்படி முயலும் ஐபிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போடுங்கள், முடிந்தால் பாஸ்வேர்டு லாகினையே நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது மைஎஸ்க்யூஎல், இங்கேதான் கவனம் அதிகம் தேவை. 8.0 முதல் பைனரி லாக் (டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களைப் பதியும் லாக்) இயல்பாகவே ஆன் ஆகியிருக்கிறது, 30 நாள் வைத்திருக்கும். டேட்டாபேஸ் 2 ஜிபிதான் ஆனால் /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல் 45 ஜிபி என்றால் பின்லாக்.000123 போன்ற பெயர்கள் வரிசையாக நிற்கும். அவற்றை ஆர்எம் செய்யாதீர்கள். எந்தெந்த ஃபைல் இருக்கிறது என்று இண்டெக்ஸ் ஃபைல் ஒன்றில் மைஎஸ்க்யூஎல் கணக்கு வைத்திருக்கிறது, உங்கள் கை அதற்குத் தெரியாது, கணக்கு உடையும். உள்ளே லாகின் செய்து "பர்ஜ் பைனரி லாக்ஸ் பிஃபோர் நவ்() - இன்டர்வல் 3 டே" என்று கொடுங்கள். ரெப்ளிகா (டேட்டாபேஸின் நகலை வைத்திருக்கும்) சர்வர் இருந்தால் அது எதுவரை படித்திருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அப்புறம் பின்லாக்_எக்ஸ்பயர்_லாக்ஸ்_செகண்ட்ஸ் மதிப்பை "செட் பெர்சிஸ்ட்" மூலம் 259200 ஆக்கினால் இனி மூன்று நாள்தான் வைத்திருக்கும். ரெப்ளிகாவும் இல்லை, குறிப்பிட்ட நேரத்துக்குத் திரும்பிப் போகும் ரெஸ்டோரும் தேவையில்லை என்றால் கான்ஃபிக்கில் ஸ்கிப்-லாக்-பின் போட்டு அணைத்துவிடலாம், ஒற்றை சர்வர் ஹோஸ்டிங்கில் அது பலருக்கும் தேவைப்படுவதில்லை. மைஎஸ்க்யூஎல்லின் கிளையான மரியாடிபியில் பைனரி லாக் இயல்பாக ஆஃப்தான்.

டேபிளில் பழைய வரிசைகளை டெலீட் செய்தால் இடம் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இன்ஜினான இன்னோடிபி அந்த இடத்தைத் தன் ஃபைலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு பிறகு பயன்படுத்தும், டிஸ்க்குக்குத் திருப்பித் தராது. ஆப்டிமைஸ் டேபிள் கொடுத்தால் தரும், ஆனால் அது டேபிளை முழுதாகப் புதிதாக எழுதும் வேலை, 10 ஜிபி டேபிளுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு 10 ஜிபி காலியாக வேண்டும். டிஸ்க் நிறைந்த நிலையில் அதைத் தொடங்குவது வம்பு. மொத்த டேபிளும் வேண்டாமென்றால் ட்ரன்கேட் டேபிள், உடனே இடம் வரும். ஐபிடிஎம்ப்1 என்ற ஃபைல் வீங்கியிருந்தால் ஏதோ ஒரு பெரிய க்வெரி தற்காலிக டேபிளைக் கொட்டியிருக்கிறது, மைஎஸ்க்யூஎல்லை ரீஸ்டார்ட் செய்தால் சுருங்கும். எப்போதோ ஆன் செய்து மறந்த ஜெனரல் லாகையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அது ஒவ்வொரு க்வெரியையும் எழுதும்.

பேக்கப். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, இருந்தாலும்: அதே டிஸ்க்கில் இருக்கும் பேக்கப் பேக்கப்பே அல்ல. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும், அதுவரை இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். கன்ட்ரோல் பேனல் எடுக்கும் தினசரி பேக்கப், யூசர் தானே எடுத்து ஹோம் ஃபோல்டரில் விட்டுவைத்த டார் ஃபைல், வேர்ட்பிரஸ் பேக்கப் ப்ளகின் டபிள்யூபி-கன்டென்ட்டுக்குள் சேர்த்து வைத்தது, அந்த ப்ளகின் பேக்கப்பையும் உள்ளே வைத்து மறுநாள் சர்வர் எடுக்கும் முழு பேக்கப் என்று ஒன்றுக்குள் ஒன்றாக வளரும். பாதியில் இடமில்லாமல் செத்துப்போன பேக்கப் ஃபைல்களும் கிடக்கும், அவை எதற்கும் உதவாது. வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு, அங்கே திறக்கிறதா என்று சோதித்துவிட்டு, இங்கே அழியுங்கள். எத்தனை நாள் வைத்திருப்பது என்ற எண்ணை ஸ்க்ரிப்டிலேயே எழுதிவிடுங்கள்.

ஐநோட் தீர்ந்த சர்வர் என்றால் சந்தேகப் பட்டியல் சிறியது: பிஎச்பி செஷன் ஃபைல்கள், கேஷ் ப்ளகின் ஃபோல்டர், மெயில்டிர் (ஒவ்வொரு மெயிலும் தனி ஃபைலாக இருக்கும் ஃபோல்டர்), மெயில் க்யூ. செஷன் விஷயத்தில் டெபியன், உபுண்டுவுக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. பிஎச்பி தானே பழைய செஷனை அழிக்கும் வேலையை அங்கே அணைத்துவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை ஓடும் தனி ஸ்க்ரிப்டிடம் அதை ஒப்படைத்திருக்கிறார்கள். தளத்துக்குத் தனி செஷன் ஃபோல்டர் என்று பிஎச்பி-எஃப்பிஎம் பூல் கான்ஃபிக்கில் மாற்றியிருந்தால் அந்த ஸ்க்ரிப்ட் அங்கே எட்டிப் பார்க்காது, ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அந்த ஃபோல்டரில் நின்று "ஆர்எம் *" அடித்தால் ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங் என்று திருப்பி அனுப்பும். "ஃபைண்ட் பாதை -டைப் எஃப் -நேம் 'செஸ்_*' -எம்மின் +1440 -டெலீட்" கொடுங்கள், ஒரு நாளுக்கு மேல் பழையவை மட்டும் போகும். டெலீட் எப்போதும் கடைசியில் வர வேண்டும், முன்னால் வந்தால் நிபந்தனைகளைப் பார்ப்பதற்கு முன்பே அழிக்கத் தொடங்கிவிடும். சந்தேகம் இருந்தால் முதலில் டெலீட் இல்லாமல் ஓட்டிப் பட்டியலைப் பாருங்கள்.

மெயில் க்யூவின் நீளம் தெரிய, மெயில் சர்வர் எக்ஸிம் என்றால் "எக்ஸிம் -பிபிசி", போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் "மெயில்க்யூ" கடைசி வரி. ஆயிரக்கணக்கில் நின்றால் ஏதோ ஒரு தளம் ஹேக் ஆகி ஸ்பாம் அனுப்புகிறது, அல்லது கான்டாக்ட் ஃபார்மை பாட் பயன்படுத்துகிறது. க்யூவை மொத்தமாகக் காலி செய்தால் நல்ல மெயிலும் சேர்ந்து போகும் என்பதை மறக்காதீர்கள், எந்த அட்ரஸிலிருந்து குவிகிறது என்று பார்த்து அதை மட்டும் நீக்குங்கள்.

டாக்கர் (அப்ளிகேஷன்களைத் தனித்தனி கன்டெய்னரில் ஓட்டும் கருவி) ஓடும் சர்வரில் "டாக்கர் சிஸ்டம் டிஎஃப்" பாருங்கள். கன்டெய்னர் லாகுக்கு இயல்பாக வரம்பே கிடையாது, /எட்க்/டாக்கர்/டீமன்.ஜேசனில் மேக்ஸ்-சைஸ், மேக்ஸ்-ஃபைல் இரண்டும் போடுங்கள், புதிதாக உருவாக்கும் கன்டெய்னர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். "டாக்கர் சிஸ்டம் ப்ரூன்" பரவாயில்லை, ஆனால் அதோடு வால்யூம்ஸ் ஆப்ஷனைச் சேர்ப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள், நிறுத்தி வைத்த டேட்டாபேஸ் கன்டெய்னரின் டேட்டா போய்விடலாம். பழைய கெர்னல்களுக்கு "ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்". க்ராஷ் டம்ப்கள் /வார்/லிப்/சிஸ்டம்டி/கோர்டம்ப்பிலும், சில சமயம் தளத்தின் ஃபோல்டரிலேயே கோர்.எண் என்ற பெயரிலும் கிடக்கும், அழிக்கலாம், ஆனால் எது க்ராஷ் ஆகிறது என்று பாருங்கள்.

உண்மையிலேயே போதவில்லை என்றால்

எல்லாம் பார்த்தாயிற்று, இருப்பதெல்லாம் தேவையான டேட்டாதான் என்றால் டிஸ்க்கைப் பெரிதாக்குங்கள், அதற்காகக் கூச்சப்பட ஒன்றுமில்லை. விபிஎஸ் பேனலில் அளவைக் கூட்டியபின் சர்வருக்குள் "க்ரோபார்ட்" கொண்டு பார்ட்டிஷனை நீட்ட வேண்டும், அப்புறம் எக்ஸ்ட்4 என்றால் "ரீசைஸ்2எஃப்எஸ்", எக்ஸ்எஃப்எஸ் என்றால் "எக்ஸ்எஃப்எஸ்_க்ரோஎஃப்எஸ்". எல்விஎம் (பார்ட்டிஷனுக்கு மேல் லாஜிக்கல் வால்யூம்களை உருவாக்கும் வசதி) இருந்தால் "எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர்" லாஜிக்கல் வால்யூமையும் ஃபைல் சிஸ்டத்தையும் சேர்த்தே நீட்டும். டிஸ்க் முழுதாக நிறைந்திருந்தால் க்ரோபார்ட் தன் தற்காலிக ஃபோல்டரைக்கூட உருவாக்க முடியாமல் நின்றுவிடும், அப்போது /டெம்ப் மேல் மெமரியில் இருக்கும் ஒரு டெம்ப்எஃப்எஸ்ஸை மவுண்ட் செய்துவிட்டு ஓட்டுங்கள். முன்னதாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், பார்ட்டிஷன் டேபிளில் கை வைக்கும் வேலை இது.

இடம் வந்த பிறகு

டிஎஃப் 70 சதவீதம் காட்டியதும் லாகவுட் ஆகிவிடாதீர்கள். "சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு" பாருங்கள், இடமில்லாமல் விழுந்த சர்வீஸ்கள் தானாக எழுந்திருக்காமல் இருக்கலாம். மையசாம் என்ற பழைய வகை டேபிள்கள் இன்னும் இருந்தால் "மைஎஸ்க்யூஎல்செக்" ஓட்டுங்கள். அந்த நேரத்தில் பூஜ்யம் பைட்டாக எழுதப்பட்ட ஃபைல்கள் உண்டா என்று "ஃபைண்ட் /எட்க் /ஹோம் -சைஸ் 0 -எம்டைம் -2" கொடுத்துத் தேடுங்கள், காலியான கான்ஃபிக் அடுத்த ரீஸ்டார்ட்டில்தான் வேலையைக் காட்டும். எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட் ரினியூவலும் நேற்றைய பேக்கப்பும் தோற்றிருக்கலாம், இரண்டையும் கையால் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

ஜர்னலுக்கு /எட்க்/சிஸ்டம்டி/ஜர்னல்டி.கான்ஃபில் சிஸ்டம்மேக்ஸ்யூஸ் என்ற வரியில் 300எம் போன்ற வரம்பு வையுங்கள், இயல்பில் அது டிஸ்க்கில் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். சிறிய விபிஎஸ்ஸுக்கு அது அதிகம். பிறகு ஓர் எச்சரிக்கை ஸ்க்ரிப்ட், க்ரானில் மணிக்கொருமுறை, டிஎஃப் சதவீதம் 80ஐத் தாண்டினால் தகவல் வரட்டும், ஐநோட் சதவீதத்தையும் சேர்த்துப் பார்க்கட்டும். 95 சதவீதத்தில் எச்சரிக்கை வைப்பதில் பயனில்லை, இரவில் ஒரு பேக்கப் ஓடினால் மீதி 5 சதவீதம் காலி. தகவல் அதே சர்வரின் மெயில் வழியாகப் போகும்படி வைக்காதீர்கள், டிஸ்க் நிறைந்தால் மெயிலை க்யூவில் எழுதவும் இடம் இருக்காது, டெலிகிராம் பாட் அல்லது ஏதாவது வெப்ஹுக் வழியாக வெளியே தள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன ஏற்பாடு. டிஸ்க்கில் இடம் இருக்கும் இன்றே "ஃபாலோகேட் -எல் 1ஜி /ரூட்/அவசரம்.இம்க்" என்று (ஜி பெரிய எழுத்து, ஃபைல் பெயர் உங்கள் இஷ்டம்) ஒரு வெற்று ஃபைலை உருவாக்கி வையுங்கள். டேட்டாவுக்குத் தனி பார்ட்டிஷன் இருந்தால் அங்கும் ஒன்று. டிஸ்க் நிறையும் நாளில் முதல் வேலையாக அதை ஆர்எம் செய்தால் ஒரு ஜிபி உடனே கையில் இருக்கும், தளத்தை எழுப்பிவிட்டு மேலே சொன்னதை எல்லாம் பதறாமல் செய்யலாம். எல்லாம் சரியானதும் மறுபடி உருவாக்க மட்டும் மறக்காதீர்கள்.